க்ளூட்டன் ஃப்ரீன்னு தலைப்பு போட்டுட்டு சோயா சாஸ் ஊத்தச் சொல்லாதீங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பேப்பரோட சமையல் இணைப்புல வேலைநாள் ராத்திரிக்கு சட்டுன்னு செய்ற காரசாரமான க்ளூட்டன் ஃப்ரீ சிக்கன்னு ஒரு குறிப்பு வந்திருந்துச்சு. வேலைக்குப் போற பொம்பளைங்களை நினைச்சு எழுதின குறிப்புன்னு படிக்கும்போதே தெரியுது, அதுக்கு முதல்ல நன்றி. ஆனா பொருள் பட்டியல்ல சோயா சாஸ் ரெண்டு ஸ்பூன், பெருங்காயத்தூள் கால் ஸ்பூன்னு போட்டிருக்கீங்க. க்ளூட்டன் ஃப்ரீன்னா கோதுமையில இருக்கிற க்ளூட்டன்ங்கற புரதம் இல்லாததுன்னு அர்த்தம், ஆனா இந்த ரெண்டுலயும் கோதுமை இருக்க வாய்ப்பு ரொம்ப அதிகம் ஐயா. சோயா சாஸ் வழக்கமா சோயாவையும் கோதுமையையும் ஒண்ணா புளிக்க வச்சு செய்றது. பெருங்காயம் நாம கடையில வாங்குறது சுத்தமான பெருங்காயம் கிடையாது, கூட்டுப் பெருங்காயம், அதுல கோந்தும் மாவும் கலந்திருக்கும், அந்த மாவு பல கம்பெனி டப்பாவுல கோதுமை மாவு இல்லேன்னா மைதா, சிலதுல மட்டும் தான் அரிசி மாவு. டப்பாவைத் திருப்பி பின்னாடி பொடி எழுத்துல பாத்தீங்கன்னா தெரியும்.

இதை ஏன் இவ்ளோ தூரம் எழுதுறேன்னா என் மகளுக்கு சீலியாக் நோய் இருக்கு. பதினொண்ணாவது படிக்கிறா. சின்ன வயசுலேர்ந்தே வயிறு உப்புசம், அடிக்கடி பேதி, ரத்தம் கம்மி, சத்து மாத்திரை எவ்ளோ குடுத்தாலும் ரத்தம் ஏறவே ஏறாது, வயசுக்கேத்த வளர்த்தி இல்ல. பூச்சி மருந்து குடுங்க, கீரை குடுங்கன்னு ஆளாளுக்கு சொன்னாங்க. கடைசியில மதுரையில ஒரு டாக்டரம்மா ரத்த டெஸ்ட் எழுதிக் குடுத்து அப்புறம் எண்டோஸ்கோப்பி பண்ணி சிறுகுடல்லேர்ந்து துளி சதை எடுத்துப் பாத்து தான் கண்டுபிடிச்சாங்க. இது அலர்ஜி கூட இல்லங்க, கோதுமை, பார்லி, ரைங்கற வெளிநாட்டுத் தானியம் இந்த மூணுலயும் இருக்கிற க்ளூட்டன்ங்கற புரதம் உள்ள போனா உடம்போட எதிர்ப்பு சக்தி தன்னோட சிறுகுடலையே தாக்க ஆரம்பிச்சிடும், குடலுக்குள்ள சத்தை உறிஞ்சற குட்டி குட்டி விரல் மாதிரி இருக்குமே அதெல்லாம் தேஞ்சு மட்டமாயிடும். அப்புறம் என்ன சாப்பிட்டாலும் உடம்புல ஒட்டாது. இதுக்கு மாத்திரை கிடையாது, ஆபரேஷன் கிடையாது, ஆயுசு முழுக்க க்ளூட்டன் இல்லாத சாப்பாடு, அது ஒண்ணு தான் மருந்து. அதனால உங்களுக்கு அது ஒரு தலைப்பு, எங்க வீட்டுல அது மருந்துச் சீட்டு.

நம்ம பக்கம் இது கம்மி தான். 2016ல வந்த ஒரு பெரிய ஆய்வுல வட இந்தியாவுல பெரியவங்க நூறு பேர்ல ஒருத்தருக்கு மேலயே இருக்கு, தென்னிந்தியாவுல ஆயிரத்துல ஒருத்தருக்குன்னு வந்துச்சு. ஜீன்ல பெரிய வித்தியாசம் இல்ல, நாம கோதுமை கம்மியா சாப்பிடறது ஒரு காரணமா இருக்கலாம்னு அதுலயே சொல்லியிருக்காங்க. ஆயிரத்துல ஒண்ணுன்னா கம்மின்னு தோணும், ஆனா ஒரு திண்டுக்கல் மாவட்டத்தை எடுத்துக்கங்க, இருபது லட்சம் ஜனத்துக்கு மேல இருக்கோம், கணக்கு போட்டுப் பாத்தா ரெண்டாயிரம் பேருக்கு வரணும். அதுல எத்தனை பேருக்கு இன்னும் பூச்சி மருந்தே குடுத்துட்டு இருக்காங்களோ. அதுவும் இப்ப எங்க கொடைக்கானல் மலை மேல பிள்ளைங்க சாப்பாடே மாறிப்போச்சு, காலையில பிஸ்கட், சாயங்காலம் நூடுல்ஸ், ராத்திரி குளிருக்கு சூடா பரோட்டா இல்ல சப்பாத்தி. எங்க அம்மா காலத்துல, இதே மலையில இருக்கிற தாண்டிக்குடியில, கோதுமைங்கறது காய்ச்சல் வந்தா ரவைக் கஞ்சி காய்ச்சறதுக்கு மட்டும் தான் வீட்டுக்குள்ள வரும்.

சரி சிக்கனுக்கு வரேன். க்ளூட்டன் ஃப்ரீன்னா ஏதோ வெளிநாட்டுச் சாமான், ஆன்லைன்ல ஆர்டர் பண்ணி வாங்குற விலை ஜாஸ்தி மாவுன்னு ஒரு எண்ணம் பரவிடுச்சு. அப்படி ஒண்ணுமே வேண்டாம். கோழிக்கறியில க்ளூட்டன் இல்ல, மிளகுல இல்ல, பூண்டுல இல்ல, தேங்காய்ல இல்ல, அரிசியில இல்ல. நம்ம பழைய சமையல்ல முக்கால்வாசி அப்படியே சாப்பிடக் கூடியது தான், பாக்கெட்டும் பாட்டிலும் எங்க உள்ள நுழையுதோ அங்க தான் கோதுமையும் நுழையுது. எங்க வீட்டுல வாரத்துல ஒரு ராத்திரியாவது நடக்கிற சிக்கனை எழுதுறேன், உங்க இணைப்புல போட்டாலும் சரி போடாட்டியும் சரி.

அரைக்கிலோ கோழி, தொடைக்கறியா பாத்து எலும்பில்லாம சின்னத் துண்டா கடைக்காரரையே வெட்டித் தரச் சொல்லுங்க. நெல்லிக்காய் அளவுக்கு மேல வேண்டாம். இதுல தான் பாதி நேரம் மிச்சமாகுது, ஏன்னா மலை மேல தண்ணி கொதிக்கிற சூடு கம்மி, கீழ 100 டிகிரியில கொதிக்கிற தண்ணி கொடைக்கானல் உயரத்துல சுமார் 93 டிகிரியிலயே கொதிச்சிடும், அதனால தண்ணி ஊத்தி திறந்த சட்டியில வேகவச்சா எலும்போட பெரிய துண்டு வேக ரொம்ப நேரம் எடுக்கும். கீழேர்ந்து கல்யாணமாகி வர்ற பொண்ணுங்க குழம்பு கொதிக்குது ஆனா கறி வேகலயேன்னு முழிக்கிறது இதனால தான். குழம்பு வைக்கணும்னா குக்கர்ல வைங்க, வறுவல்னா சின்னத் துண்டு, இரும்புச் சட்டி, எண்ணெய். எண்ணெய் சூட்டுக்கு மலையும் தெரியாது தரையும் தெரியாது.

காலையில வேலைக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி கறியைக் கழுவி தண்ணியை நல்லா வடிச்சு மஞ்சள்தூள், உப்பு, இஞ்சி தட்டினது, அரை எலுமிச்சம்பழம் போட்டுப் பிரட்டி மூடி ஃப்ரிட்ஜ்ல வச்சுடுங்க. ரெண்டு நிமிஷ வேலை. சாயங்காலம் வந்து அரிசியைக் களைஞ்சு குக்கர்ல வச்ச கையோட இதை ஆரம்பிச்சா சோறு வெந்து பிரஷர் அடங்குறதுக்கும் கறி இறங்குறதுக்கும் சரியா இருக்கும்.

மிளகு ரெண்டு டீஸ்பூன், சீரகம் ஒண்ணு, சோம்பு அரை. வெறும் சட்டியில லேசா சூடு காட்டி இடிகல்லுல போட்டு ஒண்ணு ரெண்டா இடிச்சுக்கங்க, மாவா அரைக்காதீங்க. மிளகு எங்களுக்கு அம்மா வீட்டுலேர்ந்து வரும், தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை பக்கம் காப்பித் தோட்டத்துல நிழல் மரத்துல ஏத்தி விட்டிருக்கிற கொடி மிளகு. இடிக்கும்போதே மூக்குல ஏறும். மிளகுத்தூளை கடையில பொடியா வாங்காதீங்க, வாசனையும் போயிருக்கும், என்ன கலந்திருக்குன்னும் தெரியாது. முழு மிளகு வாங்கினாக் கூட கொஞ்சம் தண்ணியில போட்டுப் பாருங்க, பப்பாளி விதை கலந்திருந்தா மேல மிதக்கும்.

பூண்டு மலைப்பூண்டு தான். பூம்பாறை, மன்னவனூர் பக்கம் விளையுதே அது, 2019ல புவிசார் குறியீடு கூட வாங்குச்சு. மேல விளையுற பூண்டை வாங்க மலைக்குக் கீழ இருக்கிற வடுகபட்டி சந்தை வரைக்கும் போறாங்க, நாங்க மேல இருந்துட்டு வெளியூர் வெள்ளைப் பூண்டை வாங்கிட்டு இருக்கோம், இது எனக்கு எப்பவும் வருத்தம். மலைப்பூண்டு காரமும் வாசனையும் ஜாஸ்தி, அதனால அரைக்கிலோவுக்கு எட்டுப் பல் போதும், தோலோட ஒரு தட்டு தட்டி தோலை மட்டும் எடுத்துட்டு அப்படியே போடுங்க.

இரும்புச் சட்டியில கடலெண்ணெய் மூணு ஸ்பூன், சோம்பு கொஞ்சம், கறிவேப்பிலை ரெண்டு கொத்து, கீறின பச்சமிளகாய் மூணு, அப்புறம் ஒரு கைநிறைய சின்ன வெங்காயம் ரெண்டா நறுக்கினது. சின்ன வெங்காயம் உரிக்க நேரமாகுதேன்னு எல்லாரும் பெரிய வெங்காயத்துக்குப் போயிடறாங்க, ஞாயித்துக்கிழமை சந்தைக்குப் போயிட்டு வந்து உக்காந்து மொத்தமா உரிச்சு டப்பாவுல போட்டு ஃப்ரிட்ஜ்ல வச்சுட்டா மூணு நாலு நாளைக்கு ஓடும். வெங்காயம் ஓரம் செவந்து வரும்போது பூண்டு, பூண்டு மணம் மாறினதும் கறி. தண்ணி ஒரு சொட்டு கூட ஊத்தாதீங்க. தீயைக் கொஞ்சம் கூட்டி நல்லா பிரட்டி, இடிச்ச மிளகுல பாதியைப் போட்டு, தட்டு போட்டு மூடி தீயைக் குறைச்சா கறியே தண்ணி விடும், அந்தத் தண்ணியிலயே பத்து பன்னெண்டு நிமிஷத்துல வெந்துடும். ஒரு துண்டை எடுத்து பிச்சுப் பாருங்க, உள்ள செவப்போ ரோஸோ இருக்கக் கூடாது. அப்புறம் மூடியை எடுத்து தீயைக் கூட்டி தண்ணி சுண்ட சுண்ட கிளறிக்கிட்டே இருங்க, எண்ணெய் பிரிஞ்சு சட்டி ஓரத்துல சலசலன்னு சத்தம் மாறும், கறி மேல மசாலா கருகருன்னு ஒட்டிக்கும், அப்ப மீதி மிளகையும் இன்னொரு கொத்து கறிவேப்பிலையும் போட்டு ரெண்டு பிரட்டு பிரட்டி இறக்கிடுங்க. கடைசியில போடுற மிளகு தான் காரத்தை மூக்குக்குக் கொண்டு போகும், முதல்லயே எல்லாத்தையும் போட்டா காரம் இருக்கும் வாசனை இருக்காது.

மொறுமொறுன்னு வேணும்னு பிள்ளைங்க கேக்கும், உங்க குறிப்புலயும் அதுக்குத் தான் மேல மாவு தூவச் சொல்லியிருந்தீங்கன்னு நினைக்கிறேன். அதுக்கு அரிசி மாவு ரெண்டு ஸ்பூன், கார்ன் ஃப்ளார் ஒரு ஸ்பூன், முட்டை வெள்ளைக்கரு ஒண்ணு, காஷ்மீரி மிளகாத்தூள், உப்பு போட்டு பிசிறி கொஞ்ச எண்ணெயில ரெண்டு பக்கமும் போட்டு எடுத்தாலே போதும், மைதா போட்ட 65ஐ விட இது தான் நேரமானாலும் நமத்துப் போகாம நிக்குது. சோயா சாஸோட அந்தப் புளிப்பும் உப்பும் இனிப்பும் வேணும்னா கெட்டியா கரைச்ச புளித்தண்ணி ரெண்டு ஸ்பூன்ல துளி கருப்பட்டியும் உப்பும் போட்டு கடைசியில சுத்தி ஊத்திப் பாருங்க, அச்சா அதே ருசின்னு சொல்லமாட்டேன், ஆனா எனக்கு இது தான் அதை விடப் பிடிக்கும். பெருங்காயம் சிக்கனுக்குத் தேவையே இல்ல. சாம்பாருக்கு வேணும்னா அரிசி மாவு போட்ட டப்பாவாப் பாத்து வாங்கலாம், இல்லேன்னா பூண்டு கூட ரெண்டு பல் சேத்துப் போட்டா போதும்.

கூட சோறு, இல்ல சாமைச் சோறு, நேரமிருந்தா ஆப்பம். சாமை, தினை, வரகு, குதிரைவாலி, கேப்பை, கம்பு, சோளம் எதுலயும் க்ளூட்டன் கிடையாது. ஆனா இதுல ஒரு விஷயம் இருக்கு, அதை யாருமே எழுத மாட்டேங்கறாங்க, மாவு மில்லு. ஊருக்கு ஒரு மில்லு தான், அதுல முன்னாடி ஒருத்தர் கோதுமை அரைச்சுட்டுப் போயிருப்பாரு, அடுத்து நம்ம அரிசியோ கேப்பையோ கொட்டினா முதல்ல வர்ற மாவு முழுக்க அவரோட கோதுமையும் கலந்து தான் வரும். சாதாரண ஆளுக்கு அது ஒண்ணுமே இல்ல. இந்த நோய் இருக்கிறவங்களுக்கு அந்தத் தூசியே போதும். க்ளூட்டன் ஃப்ரீன்னு பாக்கெட்டுல போடணும்னா ஒரு கிலோவுல 20 மில்லிகிராமுக்கு மேல க்ளூட்டன் இருக்கக் கூடாதுன்னு எஃப்எஸ்எஸ்ஏஐங்கற மத்திய அரசோட உணவுப் பாதுகாப்பு ஆணையம் சட்டமே வச்சிருக்கு, ஒரு கிலோவுல 20 மில்லிகிராம்னா எவ்ளோ துளின்னு யோசிங்க. அதனால அரிசி மாவை நான் ஊறவச்சு நிழல்ல உலத்தி வீட்டு மிக்ஸியிலயே அரைச்சு சலிச்சு வச்சுக்கறேன், மல்லி மிளகாயும் அப்படித் தான். மில்லுக்காரங்கள்ல யாராவது ஒருத்தர் வாரத்துல ஒரு நாள் காலையில மிஷினைத் தட்டி சுத்தம் பண்ணிட்டு கோதுமை இல்லாத தானியம் மட்டும் அரைச்சுத் தரேன்னு சொன்னா எங்களை மாதிரி வீடுங்க எவ்ளோ தூரம்னாலும் வந்துடுவோம்.

வீட்டுலயும் அப்படித் தான். சப்பாத்தி போட்ட கல்லுல மகளுக்கு தோசை ஊத்தறதில்ல, மரக்கரண்டி தனி, மாவு சலிக்கிற சல்லடை தனி. என் வீட்டுக்காரருக்கு ராத்திரி சப்பாத்தி இல்லாம முடியாதுன்னு இருந்தவரு, மகளுக்காக அவரும் சோத்துக்கே மாறிட்டாரு, இப்ப வீட்டுக்குள்ள கோதுமை மாவு வாங்குறதையே நிறுத்தியாச்சு. எல்லா வீட்டுலயும் இது முடியாது, தெரியும். ஆனா வெந்த சிக்கன்ல சப்பாத்தி தொட்ட கையைப் போடாம ஒரு கிண்ணத்துல அவங்களுக்கு முதல்ல எடுத்து வச்சுடறது எல்லா வீட்டுலயும் முடியும்.

வெளியில தான் ரொம்பக் கஷ்டம். சீசன்ல ஏரிப் பக்கம் போனா கடைக்குக் கடை சில்லி சிக்கன் வாசனை, அவளுக்கும் ஆசை இருக்காதா. ஆனா அந்த மாவுல மைதா இருக்கும், இல்லேன்னாலும் பஜ்ஜி, சமோசா பொரிச்ச அதே எண்ணெய் தான். பரோட்டா கல்லுலயே ஆம்லெட் போட்டுத் தருவாங்க. அண்ணே இதுல மைதா இருக்கான்னு கேட்டா கொஞ்சமாத்தான் இருக்கும் ஒண்ணும் பண்ணாதுன்னு அன்பா தான் சொல்றாங்க, அவங்க மேல கோவமில்ல, அவங்களுக்கு யாரும் சொல்லல. சம்பா கோதுமை நாட்டு ரகம் தானே, அது ஒண்ணும் செய்யாதுன்னு சொந்தக்காரங்களே சொல்றாங்க, சம்பாவும் கோதுமை தான், அதுலயும் க்ளூட்டன் இருக்கு. எங்க கோயில்ல குடுக்கிற நற்கருணை அப்பமும் கோதுமை தான், ஃபாதர்ட்ட போய் சொன்னோம், அவரு ஒரு வார்த்தை மறுபேச்சு பேசாம தனிக் கிண்ணத்துல திராட்சை ரசம் மட்டும் குடுக்கிறாரு, அவ வரிசையில எல்லாரோடயும் தான் நிக்கிறா. இப்படி ஒருத்தர் காது குடுத்துக் கேட்டா எவ்ளோ பெரிய விஷயம்னு இந்த நோய் இருக்கிற பிள்ளையைப் பெத்தவங்களுக்குத் தான் தெரியும்.

பேப்பர்ல வர்றதை ஜனங்க நம்புவாங்க ஐயா. எங்க அக்கா நல்ல மனசோட உங்க குறிப்பை வெட்டி வச்சு அடுத்த தடவை பாப்பா வரும்போது செஞ்சு குடுக்கணும்னு இருந்தாங்க. அக்கா எனக்கு ஃபோன் பண்ணி படிச்சுக் காட்டினதால தப்பிச்சோம். உடம்பு இளைக்கறதுக்காக கோதுமையை விடறவங்க சோயா சாஸ் சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது, அந்தத் தலைப்பை நம்பி சமைக்கிற எங்களுக்கு ஆகும். அதனால அந்தக் குறிப்புக்கு ஒரு திருத்தம் போடுங்க, இனிமே அந்தத் தலைப்புல எது வந்தாலும் சாஸ், பெருங்காயம், மசாலா பாக்கெட், வினிகர், மால்ட் சேர்த்த சத்து பானம் இதுங்களை ஒருத்தர் உக்காந்து சரிபாத்துட்டுப் போடுங்க. மால்ட்டுன்னா பெரும்பாலும் பார்லி தான், அதுவும் ஆகாது.

இன்னொரு வேண்டுகோளும் இருக்கு. உங்க மருத்துவப் பக்கத்துல குடல் டாக்டர் ஒருத்தர்ட்ட இதைப் பத்தி எழுதி வாங்கிப் போடுங்க. ரத்தம் ஏறாத பிள்ளை, வளராத பிள்ளை, காரணமில்லாம வயித்தால போற பிள்ளை இருக்கிற வீட்டுல டிடிஜி ஐஜிஏன்னு ஒரு ரத்த டெஸ்ட் இருக்கு, அதை டாக்டர்ட்ட கேளுங்கன்னு அதுல கட்டாயம் வரணும். டெஸ்ட் எடுக்கிற வரைக்கும் கோதுமையை நிறுத்தக் கூடாதுன்னும் வரணும், ஏன்னா முன்னாடியே நிறுத்திட்டா ரத்தத்துலயும் எண்டோஸ்கோப்பியிலயும் தெரியாமப் போயிடலாம், ஒண்ணுமில்லன்னு ரிப்போர்ட் வந்துடலாம், நோய் உள்ளேயே இருக்கும். இந்தக் கடிதத்தைப் படிச்சுட்டு யாராவது நாளையிலேர்ந்து பிள்ளைக்கு சப்பாத்தி குடுக்க வேண்டாம்னு முடிவு பண்ணினா, தயவுசெஞ்சு முதல்ல டெஸ்ட்டை எடுத்துடுங்க.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகி,
நாயுடுபுரம், கொடைக்கானல்.